மூணு புள்ளி ஆறு

குழாயடிக்குப் போனால் அவர் முதலில் வாளியைத் தொடமாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அதன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். பிறகு குழாயை முழுக்கத் திறந்து, தண்ணீரைப் பக்கத்திலிருக்கிற அண்டாவில் சும்மா விழவிடுவார். ஏன் என்று கேட்டால், “முதல் தண்ணி பொய் சொல்லும் அத்தை. கொஞ்சம் ஓடட்டும், அப்புறம் உண்மையைப் பேசும்” என்பார். விழுகிற சத்தம் ஒரே சீராக ஆனதும், அண்டாவைத் தள்ளிவிட்டு வாளியைக் காலால் சரக்கென்று உள்ளே நகர்த்துவார். அதற்கப்புறம் வாளிக்குள் இருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொடும்வரை, வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும் அந்தத் தலை நிமிராது.

அந்த வாளிக்கே ஒரு கதை உண்டு. கடையில் வாங்கும்போது அடியில் இருபது லிட்டர் என்று முத்திரை குத்தியிருந்தது. அவர் அதை நிரப்பித் தூக்கிக்கொண்டு போய், ஆணி விற்கிற கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். “பதினெட்டரைதான் பிடிக்குது. ஒன்றரை லிட்டரை முத்திரையிலயே குடிச்சிட்டான்.” பிறகு பதினைந்து கிலோ வருகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் என் மகளின் நகப்பூச்சை எடுத்துச் சுற்றிலும் கோடு போட்டார். புது நகப்பூச்சு. அவள் அன்றைக்கெல்லாம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் என் மகளின் கணவர். பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. பிரித்துச் சரிசெய்வது மற்றவர்கள். சரியான பம்பைத் தொட்டியில் பூட்டி ஓடவிட்டு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்த்து, ஒரு தகர வில்லையில் அந்த அளவை எழுதிக் கட்டி அனுப்புகிறவர் இவர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மூணு புள்ளி ஆறு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “மூணு புள்ளி ஆறு, டீ வந்தாச்சு!” என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பார்.

இது என்ன கண்றாவிப் பெயர் என்று நானே ஒருநாள் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். அவர்கள் பட்டறைத் தொட்டியில் இருந்த முள், ஒரு நொடிக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும். வாங்க வருகிறவர்களோ ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் என்று கேட்பார்கள். கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் விழுந்தால் மணிக்கு மூவாயிரத்து அறுநூறு லிட்டர். அதை ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் மூன்று கட்டும், மேலே அறுநூறும். ஆகவே முள் காட்டுகிற எதையும் மூணு புள்ளி ஆறால் பெருக்கினால் வாடிக்கையாளருக்கு வேண்டிய கணக்கு வந்துவிடும். ஆண்டுக்கணக்காகப் பெருக்கிப் பெருக்கி, அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக நிற்கிற எழுத்து எனக்கு எறும்பு. அவருக்கு அந்த எறும்புதான் முக்கியம். யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் போதும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “மணிக்கா, நிமிஷத்துக்கா?” என்பார். பக்கத்துத் தெருக்காரர் தன் பையன் பெரிய சம்பளம் வாங்குகிறான் என்று பெருமை பேசினால், “மாசத்துக்கா, வருஷத்துக்கா?” வைத்தியர் நாலு வேளை மருந்து என்றால், “நாளைக்கா, வாரத்துக்கா?” எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பேச வந்த அன்று, என் பெண் அதிகம் பேசமாட்டாள் என்று நான் பவ்வியமாகச் சொன்னேன். “ஒரு மணி நேரத்துக்கா, ஒரு நாளைக்கா?” என்று கேட்டாரே பார்க்கலாம்! எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். அன்றைக்கே என் மனதில் ஒரு முள் தைத்தது. இந்த ஆள் எதையும் நம்பமாட்டார். எதையும் நம்பாத ஆளை நாம் எப்படி நம்புவது?

அந்த முள்ளை நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கிற மாதிரி அவரும் நடந்துகொள்வதில்லை. ஒருமுறை பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஒரு வாடிக்கையாளர் பம்பின் மேல் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டி, “இதுல மூணுன்னுதான் போட்டிருக்கு, அந்தக் கடைல மூவாயிரம்னு போட்ட பம்பு இருக்கே” என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இவர் நிதானமாகச் சொன்னார்: “மணிக்கு மூணு கன மீட்டர்னாலும் மூவாயிரம் லிட்டர்னாலும் நிமிஷத்துக்கு அம்பது லிட்டர்தான் சார். ஆள் ஒண்ணுதான், சட்டைதான் வேற. அதுவும் தகடு சொல்றது. தகடு மாமியார் மாதிரி. சொன்னா கேட்டுக்கணும், நம்பக் கூடாது.” நான் டப்பாவோடு பின்னால் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. “வாங்க அத்தை” என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இப்போது எங்கள் வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே சுற்றுச்சுவருக்குள் மூன்று வீடுகள். முன்னால் வீட்டுக்காரம்மா. நடுவில் நாங்கள். பின்னால் லாண்டரிக்காரி, விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக அவளிடம் வரும். சோப்பில் ஊறி வெளுத்த கைகள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மூன்று வீட்டுக்கும் ஒரே ஆழ்குழாய்க் கிணறு, ஒரே பம்பு, உயரத்தில் ஒரே தொட்டி. அந்தப் பம்பு கெட்டுப்போய், எங்கள் மாப்பிள்ளையின் பட்டறைக்குப் போய், வில்லை கட்டிக்கொண்டு திரும்பி வந்து பூட்டியாயிற்று. அதற்கப்புறம்தான் வினை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் தொட்டி காலி. குழாயைத் திறந்தால் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது.

வீட்டுக்காரம்மா கெட்டவள் இல்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அதைத் தொட்டிலில் போட்டு வளர்ப்பவள். யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்க்க, ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு முள் வைக்கச் சொன்னாள். பிளம்பர் கடையில் மூலையில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மாட்டினான். மூன்றும் மூன்று தினுசு. மாட்டி முடித்ததும் எல்லாக் குழாயையும் முழுக்கத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்காரம்மாவின் முள் புள்ளி இரண்டு ஐந்தில் நின்றது. எங்களுடையது புள்ளி ஒன்பதில். லாண்டரிக்காரியுடையது பதினைந்தில்.

“பாத்தீங்களா பெரியம்மா?” என்று வீட்டுக்காரம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். “எனக்குக் கால். உங்களுக்கு முழுசா ஒண்ணுகூட இல்ல. அவளுக்குப் பதினஞ்சு! தண்ணி எங்க போகுதுன்னு இப்பத் தெரியுதா?”

“நான் என்ன பின்னாடி யானையா வளக்குறேன்?” என்று லாண்டரிக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். “அதே பைப்பு, அதே குழாய். எனக்கு மட்டும் பதினஞ்சு எப்படி வரும்?”

“முள்ளு பொய் சொல்லுமா?”

“ஏன், முள்ளு என்ன சாமியாரா?”

அன்று மாலை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முள்ளிடமும் குனிந்து குனிந்து பார்த்தார். நான் ஜன்னல் கம்பி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதைப் பார்த்தபோது ஒரு கணம் உதட்டைக் கடித்தார். பிறகு உள்ளே வந்தார், முகம் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார்.

“பாத்தீங்களே, என்ன பாத்தீங்க?” என்றேன்.

“எழுத்து.”

“எழுத்துன்னா?”

“அளக்காம சொன்னா அது வதந்தி அத்தை. லீவு வரட்டும்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனுஷனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். ஏன்? நம் முள் புள்ளி ஒன்பதில் நிற்கிறது, நமக்கு நல்லதுதானே, நாம் ஏன் குறுக்கே போகவேண்டும் என்ற நினைப்பா? அடுப்படியில் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். “உன் வீட்டுக்காரர் எதையோ மறைக்கிறார்.” அவள் பாத்திரத்தைத் தேய்த்தபடியே, “அவரு பசிக்குதான்னு கேட்டாக்கூட அளந்துட்டுத்தான் பதில் சொல்வாரு. விடும்மா” என்றாள். இவள் நகப்பூச்சு போனபோது பேசாமல் இருந்தவள்தான். இப்போது வக்கீல்.

ஆனால் வீட்டுக்காரம்மா லீவு வரும்வரை காத்திருக்கவில்லை. மாதம் முடிந்ததும் பின்வீட்டைக் காலி செய்துவிடும்படி லாண்டரிக்காரியிடம் சொல்லிவிட்டாள். அன்று லாண்டரிக்காரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கத்தவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. “அம்மா, இவ்ளோ துணி காயப்போட இடம் இருக்கிற வீடு எனக்கு வேற எங்க கிடைக்கும்? விடுதிக்காரங்க ரெண்டு நாள் பாப்பாங்க, அப்புறம் வேற ஆளுகிட்ட போயிடுவாங்க. தம்பிக்கு இந்த முள்ளு வெவகாரமெல்லாம் தெரியுமே. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்” என்றாள். உள்ளே மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

லீவு நாள் வந்தது. தொட்டியில் அப்போதுதான் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருந்தது. வாளியும் கடிகாரமுமாக முன்வீட்டில் ஆரம்பித்தார். முள் கால் காட்டியது. வாளி சிவப்புக் கோட்டைத் தொட ஒரு நிமிஷம். எங்கள் வீட்டில் முள் புள்ளி ஒன்பது. வாளிக்கு ஒரு நிமிஷம். பின்வீட்டில் பதினைந்து, அதே ஒரு நிமிஷம். ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே இருக்கலாம்.

“முன்வீட்டு முள்ளு நொடிக்கணக்கு. நொடிக்குக் கால் லிட்டர். பின்வீட்டு அக்காவோடது நிமிஷக்கணக்கு. கால் லிட்டரை அறுபது தடவை ஊத்துங்க, பதினஞ்சு. நம்மது மணிக்கணக்கு, கன மீட்டர்ல. பதினஞ்சை அறுபது தடவை ஊத்தினா தொள்ளாயிரம் லிட்டர். ஆயிரம் இருந்தாத்தான் ஒரு கன மீட்டர். அதனால புள்ளி ஒன்பது. மூணும் ஒரே தண்ணி” என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலும் பதினைந்தும் ஒன்று என்று வாயால் சொன்னால் ஆகிவிடுமா? எங்கள் வீட்டு அண்டாவை எடுத்துவந்து, மூன்று வீட்டு வாளித் தண்ணீரையும் ஒவ்வொன்றாக ஊற்றி, விளிம்பிலிருந்து எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று என் விரலால் பார்த்தேன். மூன்று தடவையும் நாலு விரல். சரி, அதற்குமேல் நான் என்ன சொல்ல?

லாண்டரிக்காரி கை தட்டினாள். “பாத்தீங்களா! என் யானை ஓடிப்போச்சு!”

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. அவளும் முட்டாள் இல்லை. “சரி தம்பி, குழாய் ஒண்ணுதான். ஆனா நான் திறந்து மூடுறேன். இவ காலைலேருந்து திறந்தே வெச்சிருக்கா. ஒரே அளவுன்னாலும் நேரம் ஒண்ணா? தொட்டி காலியாகுதே, அது யாரால? பம்பு மேல பழி போட முடியாது. இப்பத்தான் ரிப்பேராகி வந்துது. அதுவும் நீங்க டெஸ்ட் பண்ணி, உங்க கையால வில்லை கட்டின பம்பு. உங்க வார்த்தையை நம்பித்தான் நான் அந்தப் பக்கமே பாக்கல. அப்ப வேற யாரு?”

லாண்டரிக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பம்பு கெடுறதுக்கு முன்னாடியும் இவ்ளோ துணிதானே துவைச்சேன். அப்ப தொட்டி நிரம்பி வழியும். நீங்களே மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துவீங்க.”

அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். “மோட்டாரைப் போடுங்க. பன்னெண்டு, பதிமூணு நொடில வாளி கோட்டைத் தொடணும்” என்று மேலேயிருந்து சொன்னார். மகள் சுவிட்சைப் போட்டாள். அவர் வாளியைப் பம்பிலிருந்து வருகிற குழாய் வாயில் பிடித்தது தெரிந்தது. கீழே நின்று நானும் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. வாளி இன்னும் குழாய் வாயிலேயே இருந்தது. இருபது தாண்டியது. முப்பது. லாண்டரிக்காரி என்னைப் பார்த்தாள். நாற்பதுக்கும் மேல் போனபிறகுதான் அவர் வாளியை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அதே மாதிரி.

இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. “எவ்ளோ தம்பி?” என்று லாண்டரிக்காரி கேட்டாள்.

“அப்புறம் சொல்றேன்” என்றார். சைக்கிளை எடுத்தார். லீவு நாளில், பூட்டிக் கிடக்கிற பட்டறைக்குப் போனார்.

“என்னமோ இருக்கு பெரியம்மா” என்றாள் வீட்டுக்காரம்மா. எனக்கும் அதேதான் தோன்றியது. இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை என்று ஒரு அற்பத் திருப்திகூட வந்தது. கூடவே ஒரு பயமும். சாதாரணமாகத் தப்பு செய்கிற ஆள் என்றால் சமாளித்துக்கொள்வார். இவர் எப்படித் தாங்குவார்?

திரும்பி வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தார். டீ வைத்தேன். அதில் ஆடை படர்ந்தது, குடிக்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. முதல் தண்ணீர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

“பட்டறைல பழைய முள்ளு கண்ணாடி உடைஞ்சுபோச்சு அத்தை” என்று ஆரம்பித்தார். “புதுசு வந்துது. அது நேரா மணிக்கணக்கே காட்டும், பெருக்க வேண்டாம். நான்தான் மாட்டினேன். எல்லாரையும் கூப்பிட்டு, எழுத்தைப் பாத்துக்கோங்க, ஏமாந்துடாதீங்கன்னு சொன்னதும் நான்தான்.”

“அப்புறம்?”

“அந்த வாரம்தான் நம்ம பம்பு வந்துது. ஓட்டிப் பாத்தேன். முள்ளு ஒண்ணு புள்ளி ரெண்டுல நின்னுது. இந்த சைஸு பம்புக்குப் பழைய முள்ளுல நல்லா ஓடினா சரியா ஒண்ணு புள்ளி ரெண்டுதான் காட்டும். வருஷக்கணக்கா பாத்த முகம் அத்தை. பாத்ததும் சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன். கை தானா மூணு புள்ளி ஆறால பெருக்கி, நாலு புள்ளி மூணுன்னு எழுதிக் கட்டிடுச்சு. ஆனா அது புது முள்ளு. அதுல ஒண்ணு புள்ளி ரெண்டுன்னா, நிமிஷத்துக்கு வெறும் இருபது லிட்டர். தள்ளவேண்டியது எழுபது. உள்ள சுத்துற சக்கரம் தேஞ்சுபோயிருக்கு, மாத்தவே இல்ல. செத்த பம்புக்கு நான் நல்ல பம்புன்னு வில்லை கட்டி அனுப்பியிருக்கேன்.”

பம்பு நிமிஷத்துக்கு இருபது லிட்டர் ஏற்றுகிறது. மூன்று குழாயும் திறந்தால் நாற்பத்தைந்து லிட்டர் இறங்குகிறது. இதற்கு எனக்கே விரல் போதும்.

“எல்லாரையும் மணிக்கா நிமிஷத்துக்கான்னு கேட்டேன்” என்றார். “என் கையை மட்டும் கேக்கல.”

முதலாளிக்குப் போன் செய்திருக்கிறார். சத்தம் போடாமல் பம்பைக் கழற்றிக் கொண்டுவா, சக்கரத்தை மாற்றிக் கொடுத்துவிடலாம், கேட்டால் காற்று அடைத்திருந்தது என்று சொல்லிவிடு என்றாராம் அவர். அதே வாரம் போன மற்ற பம்புகளைப் பற்றிக் கேட்டதற்கு, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். உன்னால் பட்டறை பெயர் கெட்டால் உனக்கு இங்கே இடமில்லை என்றும் சேர்த்துச் சொன்னாராம்.

சொல்லப்போனால் எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. என் மகள் வீட்டு அடுப்பு எரியவேண்டும். “காத்துன்னே சொல்லிடுங்களேன். தொட்டி நிரம்பிடுமே, அவளும் தப்பிச்சுடுவா” என்றேன்.

அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “தப்பிக்க மாட்டா அத்தை. நான் சந்தேகப்படுற ஆளு, எனக்குத் தெரியும். தொட்டி நிரம்பினா வீட்டுக்காரம்மா என்ன நினைப்பாங்க? காலி பண்ணச் சொன்னதும் பயந்துபோய் தண்ணியைக் கொறைச்சுட்டா, அப்ப இவதான்னு நினைப்பாங்க. நல்லா ஊர்ஜிதமாயிடும்.”

எழுந்து ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முன்வீட்டுக்குப் போனார். நானும் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்த லாண்டரிக்காரி நாங்கள் போவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்தாள்.

“பம்பு சரியில்ல” என்றார். “அதைச் சரின்னு வில்லை கட்டினது நான். தப்பு என் மேல. அவங்க மேல இல்ல.”

வீட்டுக்காரம்மா அவர் பக்கம் திரும்பினாள். “நீங்களா? நீங்க தப்பு பண்ணுவீங்களா?” என்றாள். பிறகு அவள் கண் லாண்டரிக்காரி மேல் போய்த் திரும்பியது. “இவளைக் காப்பாத்தணும்னு பழியை நீங்க எடுத்துக்கறீங்க. பெரியம்மா சொல்லிக் குடுத்தாங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “காத்துன்னு சொல்லச் சொன்னவ நான்” என்று கத்திவிட்டேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. லாண்டரிக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

“சரி, பம்பைச் சரிபண்ணிக் கொண்டாங்க” என்றாள் வீட்டுக்காரம்மா. “ஆனா ஒண்ணு கேக்கறேன். வந்ததும் நீங்க அளந்து சரின்னு சொல்வீங்க. அன்னைக்கும் நீங்கதான் சரின்னு சொன்னீங்க. நான் எதை நம்பி இவளை இருன்னு சொல்றது?”

நியாயமான கேள்விதான் என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார்.

பம்பு பட்டறைக்குப் போனது. முதலாளி என்ன பேசினார், இவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, கேட்டும் சொல்லவில்லை. அந்த வாரம் வில்லை கட்டிப் போன மற்ற பம்புகளைத் தேடி, வேலை முடிந்ததும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று மகள் சொன்னாள். வேலை இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று அவளுக்கும் தெரியாது. பட்டறையில் இப்போது யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லையாம். அதைக் கேட்டபோதுதான், நான் கேலி செய்த அந்தப் பெயர் மேல் எனக்கு ஒரு பிரியம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

புதுச் சக்கரத்தோடு பம்பைக் கொண்டுவந்து அவரே பூட்டினார். எல்லோரும் தொட்டியடியில் கூடிவிட்டோம். நான் அவர் கடிகாரத்தைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏணியில் ஏறுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கடிகாரத்தை அவள் கையில் வைத்தார். வாளியை லாண்டரிக்காரியிடம் நீட்டினார்.

“அக்கா, நீங்க மேல ஏறுங்க. கொஞ்சம் ஓடவிட்டு வாளியை வைங்க. வைக்கும்போது சத்தமாச் சொல்லுங்க. கோட்டைத் தொட்டதும் சொல்லுங்க. அவங்க கீழ நேரம் பாக்கட்டும்.”

“நான் சொன்னா இவங்க நம்புவாங்களா?” என்றாள் லாண்டரிக்காரி.

வீட்டுக்காரம்மா கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “முதல்ல ஏறு. பேச்சை அப்புறம் பேசலாம்” என்றாள்.

அந்தப் பெரிய உடம்போடு லாண்டரிக்காரி ஏணியில் ஏறினாள். ஏணி முனகியது. மகள் சுவிட்சைப் போட்டாள். மேலே தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது; முதலில் திக்கித் திக்கி, பிறகு ஒரே சீராக.

“வெச்சாச்சு!” என்று மேலிருந்து குரல் வந்தது. வீட்டுக்காரம்மா கடிகாரத்தில் கண்ணைப் பதித்து உதடு அசைய எண்ணினாள்.

“தொட்டாச்சு!”

“பதிமூணு” என்றாள் வீட்டுக்காரம்மா. நம்பமுடியாமல் இன்னொருமுறை முள்ளைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, “பதிமூணுடி! பாத்து இறங்கு, ஏணி ஈரமா இருக்கு” என்று கத்தினாள்.

நான் மாப்பிள்ளையைத் தேடினேன். சுற்றுச்சுவர் ஓரமாக, சுவரைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார். இந்தமுறை தானும் சேர்ந்து எண்ணிவிடக் கூடாது என்பதுபோல், இரண்டு உள்ளங்கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்.